மூட்டை ஏற்றும் பெல்ட் கன்வேயர்: அபாயமின்றி இயக்கலும் பேணலும்

நமது கூட்டுறவுச் சங்கங்களின் கிடங்குகளில் நெல்லும் நூலும் நெடுங்காலம் மனிதர் முதுகின் மீதே ஏறி இறங்கி வந்தன. லாரியின் பின்புறத்தில் சாய்த்து வைத்த பலகை வழியே, குனிந்த முதுகில் மூட்டையுடன் ஏறிச் செல்லும் தொழிலாளரைக் காணாத அங்கத்தினர் நம்மில் எவரும் இரார். ஒரு காலத்தில் தானிய மூட்டை ஒன்று நூறு கிலோ வரை இருந்தது. வயது வந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்பட்டிருந்தால் அதனைக் குறைக்க வழி காண வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-ஆம் ஆண்டில் பரிந்துரை செய்தது. இன்று அரிசி மூட்டை பெரும்பாலும் 50 கிலோவாக இருக்கிறது. ஆயினும் நாள் ஒன்றுக்கு இருநூறு முறை அதனைத் தூக்கினால் பத்தாயிரம் கிலோ ஆகிவிடுகிறது. முதுகெலும்பு இந்தக் கணக்கை மறப்பதில்லை.

இச்சுமையைக் குறைக்கும் பொருட்டே, சக்கரம் பூட்டி இடத்துக்கு இடம் தள்ளிச் செல்லத்தக்க பெல்ட் கன்வேயர்கள் கிடங்குகளுக்கு வந்திருக்கின்றன. அதன் பயனைச் சிறு கணக்கால் அறியலாம். பெல்ட் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுவதாகவும், ஒன்றரை மீட்டருக்கு ஒரு மூட்டை வீதம் அதன் மீது வைப்பதாகவும் கொள்வோம். மூன்று விநாடிக்கு ஒரு மூட்டை. நிமிஷத்துக்கு இருபது மூட்டை. மூட்டை ஐம்பது கிலோவானால் நிமிஷத்துக்கு ஆயிரம் கிலோ. எடுத்து வைப்போரும் வாங்கி அடுக்குவோரும் அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாதாகையால் நடைமுறையில் இதிற் பாதியே கிட்டினாலும், அது பெரும் உதவியே ஆகும்.

ஆனால் இதே சாதனம் கை விரல்களையும் முழங்கையையும் பறித்துவிடக் கூடியது. நெசவாளருக்கு விரலே முதல். விவசாயிக்குக் கையே முதல். ஆதலின் இதனை வாங்குவதற்கு முன்பே, இதனை எவ்வாறு ஓட்டுவது, எவ்வாறு பேணுவது என்பதைச் சங்கம் கற்றுக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் சாரம் ஒன்றே: ஓடுகின்ற கன்வேயரைத் துடைக்கவும் நேராக்கவும் கை நீட்டுகிற வேளையே மிகக் கொடிய வேளை. ஆகவே பேணுதலும் பாதுகாப்பும் இரு வேறு காரியங்கள் என எண்ணலாகாது. நன்றாகப் பேணப்பட்ட இயந்திரம் கையைத் தன்னருகே அழைப்பதில்லை.

இயந்திரத்தின் உறுப்புகள்

முதலில் உறுப்புகளின் பெயர்களை அறிந்துகொள்வோம். இரு புறமும் இரும்புச் சட்டம். அதன் மேல்முனையில் உள்ளது தலை உருளை. கீழ்முனையில் உள்ளது வால் உருளை. இவ்விரண்டையும் சுற்றி ரப்பர் பூசிய துணிப் பெல்ட் முனையின்றி ஓடுகிறது. மின்மோட்டார் கியர் பெட்டி வழியாகப் பெரும்பாலும் தலை உருளையைச் சுழற்றுகிறது. மூட்டையின் பாரத்தைத் தாங்குவதற்கு, மேற்புறத்து பெல்ட்டின் அடியில் சிறு தாங்கு உருளைகளோ இரும்புத் தகடோ அமைந்திருக்கும். கீழ்ப்புறமாகத் திரும்பி வரும் பெல்ட் தொங்காதிருக்கவும் சில உருளைகள் உண்டு. வால் உருளையின் இரு பக்கத்திலும் இழுப்புத் திருகுகள் உள்ளன. பெல்ட்டை இறுக்குவதும் தளர்த்துவதும் இவற்றாலேயே. சட்டத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் கைச்சக்கரமும் கம்பி வடமும், அல்லது எண்ணெய் அழுத்த ஜாக்கியும் இருக்கும். இவையனைத்தையும் சக்கரங்கள் தாங்குகின்றன.

கை அகப்படும் இடங்கள்

பெல்ட் வந்து உருளையைத் தொடுகின்ற இடத்தைக் கவ்விடம் என்று அழைப்போம். தலை உருளை, வால் உருளை, கீழ்ப்புறத்து உருளைகள், மோட்டாரையும் உருளையையும் இணைக்கும் சங்கிலி ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு கவ்விடம் உண்டு. அங்கே சென்ற பொருளை இயந்திரம் உள்ளே இழுக்குமேயன்றி வெளியே தள்ளாது.

விபத்துப் பெரும்பாலும் இவ்வாறு நிகழ்கிறது. மாலை நேரம், இன்னும் ஒரு லாரி பாக்கியிருக்கிறது. வால் உருளையில் சாக்கு நார் சுற்றிக்கொண்டு, பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுகிறது. நிறுத்தி மறுபடி ஓட்டினால் பத்து நிமிஷம் வீணாகுமே என்றெண்ணி ஒருவர் கீழே குனிந்து, ஓடும்போதே நாரைப் பிடித்து இழுக்கிறார். நாரின் மறுமுனை உருளையில் சுற்றுகிறது. ஆபத்து என மனிதன் உணர்ந்து கையை இழுக்கத் தொடங்குவதற்குக் கால் விநாடியாவது செல்லும். விநாடிக்கு அரை மீட்டர் ஓடும் பெல்ட் அதற்குள் பன்னிரண்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. விரல்கள் அனைத்தும் உள்ளே சென்றுவிடும். அடுத்த கால் விநாடியில் மணிக்கட்டும் சென்றுவிடும். ஸ்விட்ச் அருகே நிற்பவர் அலறலைக் கேட்டு நிறுத்துவதற்குள் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கைத்தறியில் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, முடிச்சிட்ட பின்னரே மறுபடி நாடாவை விடுகிறார். அவர் கால் நின்றால் தறி நின்றுவிடும். கவலை இறைத்த காலத்தில் விவசாயியின் குரல் கேட்டு மாடு நின்றது. மோட்டாருக்குக் குரலும் தெரியாது, கையும் தெரியாது. மெதுவாக ஓடுவது போலத் தோன்றுவதால் அதனிடம் அச்சம் நீங்கிவிடுகிறது. அந்த அச்சமின்மையே முதல் அபாயம்.

ஆகவே கவ்விடம் ஒவ்வொன்றும் காப்பு மூடியால் மறைக்கப்பட்டிருக்க வேண்டும். சுத்தம் செய்வதற்காகக் கழற்றிய மூடியை மீண்டும் பூட்டிய பிறகே மோட்டாரை ஓட்ட வேண்டும். இயந்திரத்தின் அபாயமான பாகங்களுக்கு வேலியிட வேண்டும் என்பதும், ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை செய்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்பதும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே விதிக்கப்பட்டிருந்தன. விசையால் இயங்கும் கதிரடிக்கும் இயந்திரங்களைக் கருத்திற்கொண்டு 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் இயற்றப்பட்டது. சிறு கிடங்குக்குச் சட்டம் பொருந்துமா என்று வாதிடுவது வீண். உருளைக்குச் சிறு கிடங்கென்றும் பெருந்தொழிற்சாலை என்றும் வேறுபாடு தெரியாது.

தோளில் தொங்கும் துண்டு, தழையக் கட்டிய வேட்டி, காற்றில் பறக்கும் முந்தானை, அவிழ்ந்த பின்னல், கழுத்துச் சங்கிலி, தளர்ந்த கையுறை ஆகிய யாவும் கவ்விடத்துக்கு இரையாகும். துண்டை எடுத்து வைத்துவிட வேண்டும். வேட்டிக்குப் பதில் கால்சட்டை அணிவது நலம். பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகி, மேலே சட்டை அணிந்து, கூந்தலைக் கொண்டையாக முடிந்துகொள்ள வேண்டும். சிறுவரைக் கன்வேயரின் அருகே விடவே கூடாது.

நிலைநிறுத்தும் முறை

கன்வேயரை நிறுத்தும் தரை சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். ஒரு சக்கரம் மண்ணில் புதைந்தால் சட்டம் சாயும். சட்டம் சாய்ந்தால் பெல்ட்டும் ஒதுங்கும், பாரம் ஏறும்போது இயந்திரமே கவிழவும் கூடும். மண் தரையானால் சக்கரங்களின் கீழே பலகை இட வேண்டும். நிறுத்தியதும் எல்லாச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் தடுப்புக் கட்டை வைக்க வேண்டும்.

உயரத்தைப் பொறுத்தவரை எளிய அளவு ஒன்று உண்டு. வழவழப்பான பெல்ட்டில் மூட்டை வழுக்காமல் ஏறுவதற்குச் சாய்வு ஏறக்குறைய 20 பாகைக்கு மேற்படலாகாது. கோணம் அளக்கும் கருவி இல்லாதவர்கள், சட்டத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தலைமுனையை உயர்த்தாமலிருந்தால் போதும். ஒன்பது மீட்டர் கன்வேயரானால் வால் முனையைவிடத் தலை முனை மூன்று மீட்டர் உயர்ந்திருக்கலாம். மேற்பரப்பில் வரம்புகள் உள்ள பெல்ட்டானால் செய்தவர் கொடுத்த அளவு வரை கூடுதலாக உயர்த்தலாம்.

இடம் மாற்றும்போது சட்டத்தை முழுவதும் தாழ்த்திய பிறகே தள்ள வேண்டும். உயர்த்திய நிலையில் தள்ளினால் பாரம் மேலே இருப்பதால், சிறு குழியில் சக்கரம் இறங்கினாலும் கவிழும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, தள்ளுவோரைத் தவிர ஒருவர் விலகி நின்று மேலும் கீழும் பார்த்துக்கொண்டு வர வேண்டும். கம்பி வடத்தின் இழைகள் பிரிந்திருந்தாலும் துருவேறியிருந்தாலும் அதனை மாற்றும் வரை சட்டத்தை உயர்த்தலாகாது. உயர்த்திய பின் பூட்டு ஆணியைச் செருக வேண்டும். உயர்ந்து நிற்கும் சட்டத்தின் அடியில் எவரும் நிற்பதும் நிழலுக்காக அமர்வதும் கூடாது.

களத்திலும் தெருவோரத்திலும் தலைக்கு மேலே செல்லும் மின்கம்பியை மறந்துவிடக் கூடாது. இரும்புச் சட்டம் கம்பியைத் தொட்டால் அதனைப் பிடித்திருக்கும் அனைவர் உடலிலும் மின்சாரம் பாயும். கம்பிக்கும் சட்டத்துக்கும் எந்தப் பக்கத்திலும் மூன்று மீட்டராவது இடைவெளி வேண்டும். உயர் அழுத்தக் கம்பியானால் அதன் அருகேயே செல்லாதிருப்பது உத்தமம். தவறித் தொட்டுவிட்டால் மின்வாரியத்தார் மின்சாரத்தைத் துண்டிக்கும் வரை இயந்திரத்தையும், அதனோடு ஒட்டியிருப்பவரையும் வெறுங்கையால் தொடலாகாது.

மின் இணைப்பு

மூன்று பேஸ் மோட்டாருக்கு நான்கு கம்பிகள் உள்ள கேபிள் தேவை. மூன்று மின்சாரத்துக்கு, நான்காவது எர்த்துக்கு. எர்த் கம்பி அறுந்த நிலையில் மோட்டார் நன்றாகவே ஓடும். ஆகையால்தான் அந்தக் குறை ஒருவர் அடிபடும் வரை வெளியே தெரிவதில்லை. கம்பி நுனியை உரித்து, தீக்குச்சியால் செருகி இணைப்பு எடுக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே தானாகத் துண்டிக்கும் காப்புச் சாதனத்தை இணைப்பில் பொருத்துவது உயிர் காக்கும் செலவாகும். எரிந்த பியூசுக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பி கட்டுவது மோட்டாரையும் கிடங்கையும் ஒருங்கே பணயம் வைப்பதற்குச் சமம்.

லாரி செல்லும் வழியில் கேபிளைத் தரையில் போடக் கூடாது. ஈரத்தில் கிடக்கும் கேபிளில் நாடா சுற்றிய இணைப்பு ஒன்று கூட இருக்கலாகாது. வேறு இடத்தில் இணைப்புக் கொடுத்ததும் வெறும் பெல்ட்டை ஒரு கணம் ஓட்டித் திசையைப் பார்க்க வேண்டும்; இரு பேஸ்கள் இடம் மாறியிருந்தால் பெல்ட் எதிர்த்திசையில் ஓடும். மோட்டார் சுழலாமல் முனகினால் ஒரு பேஸ் வரவில்லை என்று பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும்.

விவசாய அங்கத்தினர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்தடை நீங்கியதும் பம்பு செட் தானே ஓடத் தொடங்கும்படி ஆட்டோ சாதனம் பொருத்துவது வயலில் வழக்கம். கன்வேயருக்கு அதனை ஒருபோதும் பொருத்தலாகாது. மின்சாரம் நின்ற வேளையில் ஒருவர் நாரை எடுக்கக் கை வைத்திருக்கலாம். மின்சாரம் திரும்பினாலும், மனிதர் பொத்தானை அழுத்தாமல் ஓடாத ஸ்டார்ட்டரே தகுந்தது. மின்தடை வந்ததும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவது இதற்கு மேலும் ஒரு காப்பு.

மூட்டை ஏற்றும் முறை

ஓட்டுவதற்கு முன் இயந்திரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். பெல்ட்டின் மீது கருவி ஏதும் கிடக்கிறதா, அருகே எவரேனும் குனிந்திருக்கிறாரா என்று அறிந்து, உரக்கக் குரல் கொடுத்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் வெறுமையாக ஓட விட்டு, அவசர நிறுத்தப் பொத்தானை ஒரு முறை அழுத்திச் சோதிக்க வேண்டும். அப்பொத்தான் வேலை செய்யாத நாளில் கன்வேயருக்கு விடுமுறை.

மூட்டையை பெல்ட்டின் நடுவில், நீளவாக்கில், வாய்த்தையல் பிரியாதபடி வைக்க வேண்டும். எறிவது கூடாது. ஒன்பது மீட்டர் பெல்ட்டில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் ஒரே சமயத்தில் ஆறு மூட்டைகள், அதாவது 300 கிலோ, ஏறியிருக்கும். இயந்திரத்தின் பலகையில் பொறித்துள்ள அளவை இது மீறாதபடி இடைவெளி விட வேண்டும். அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி ஒன்று 170 கிலோ இருக்கும். மூட்டைக்கென அமைந்த கன்வேயரில் அதனை ஏற்ற முற்படலாகாது.

மேல்முனையில் வாங்குபவரே வேகத்தை நிர்ணயிப்பவர். அவர் கைகள் நிறைந்திருக்கும்போது கீழே இருப்பவர் அடுத்த மூட்டையை வைக்கலாகாது. இருவரும் ஒருவரையொருவர் காண முடியாவிட்டால் மணியோ, கை காட்டுவதற்கு மூன்றாமவரோ வேண்டும். பெல்ட்டின் மீது மனிதர் ஏறிச் செல்வதும், ஓடும் பெல்ட்டைத் தாண்டுவதும், அடியில் நுழைவதும் விலக்கப்பட வேண்டியவை. வேலை முடியும்போது கடைசி மூட்டை இறங்கிய பிறகே நிறுத்த வேண்டும்; பாரத்துடன் நின்ற பெல்ட்டை மறுபடி கிளப்புவது மோட்டாருக்குக் கடினம்.

நிறுத்திய பின் தொடும் முறை

நார் சுற்றினாலும், மூட்டை சிக்கினாலும், உருளை ஒலித்தாலும் கை வைப்பதற்கு முன் ஐந்து படிகள் உண்டு. சங்கத்தில் அனைவரும் இவற்றை மனனம் செய்ய வேண்டும்.

1. நிறுத்துக: பொத்தானை அழுத்தி பெல்ட் முற்றும் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும்.

2. துண்டிக்க: மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். பொத்தானை மட்டும் நம்பலாகாது.

3. பூட்டுக: ஸ்விட்ச் பெட்டியைப் பூட்டி, கை வைக்கப் போகிறவரே சாவியைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இருவர் வேலை செய்தால் இரு பூட்டுகள்.

4. சோதிக்க: ஓட்டும் பொத்தானை அழுத்திப் பார்த்து, மோட்டார் கிளம்பவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும்.

5. தொடுக: சாய்ந்த பெல்ட்டில் மூட்டைகள் இருந்தால் அவற்றின் பாரத்தால் பெல்ட் பின்னோக்கி ஓடக்கூடும். ஆதலின் மூட்டைகளை ஓரமாக நின்று இறக்கிய பின்னரே உருளையைத் தொட வேண்டும்.

இவ்வைந்தையும் செய்வதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். இழந்த விரலை இரண்டு வருஷமானாலும் பெற முடியாது.

பெல்ட் ஒதுங்கி ஓடினால்

கை நீட்டத் தூண்டும் குறைகளில் முதன்மையானது இதுவே. கட்டையால் தள்ளியும், கையால் அழுத்தியும் பெல்ட்டை நேராக்க முயல்வது வீண், அபாயமும் கூட. காரணத்தைக் கண்டு நீக்க வேண்டும்.

முதலில் சக்கரங்கள் சமமாக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு மூட்டைகள் நடுவில் வைக்கப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, இயந்திரத்தைப் பூட்டிவிட்டு, உருளைகளில் மண்ணோ நாரோ ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உருளையின் ஒரு பகுதி தடித்தால் பெல்ட்டின் ஓட்டம் கோணும். நான்காவதாக, சுழலாமல் சிக்கிய தாங்கு உருளையைத் தேட வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்த பிறகே திருகைத் தொட வேண்டும்.

நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும். பாவின் ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் நெசவு நேராக வராது. அப்பக்கத்தின் இழுப்பைச் சரிசெய்கிறோம். வால் உருளையிலும் பெல்ட் தளர்ந்த பக்கமாகவே ஒதுங்கும். ஆகவே எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்து இழுப்புத் திருகைச் சிறிது இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். நிறுத்தித் திருகி, மூடியைப் பூட்டி, பல சுற்றுகள் ஓட விட்டு, விலகி நின்று பார்க்க வேண்டும். பெல்ட் திருத்தத்துக்கு இசைந்து வருவதற்குச் சற்று நேரம் செல்லும். பொறுமையின்றி மேலும் திருகுவோர் மறுபக்கம் ஒதுங்கச் செய்துவிடுவர்.

பாரம் ஏறியதும் பெல்ட் நின்று தலை உருளை மட்டும் சுழன்றால் இழுப்புக் குறைவு என்று அறியலாம். இரு பக்கமும் சமமாக இறுக்க வேண்டும். வழுக்காதிருக்கும் அளவுக்கு மேல் இறுக்கினால் அச்சு வளையும், பேரிங் தேயும், இணைப்புக் கிழியும். வழுக்கலை நிறுத்துவதற்காக ஓடும் பெல்ட்டில் பசையோ மண்ணோ தூவுவது கூடவே கூடாது.

பேணும் ஒழுங்கு

தினந்தோறும் வேலை முடிந்ததும் இயந்திரத்தைப் பூட்டி, உருளைகளிலும் சட்டத்தின் அடியிலும் சேர்ந்த நார், தானியம், பஞ்சு, தூசி ஆகியவற்றை நீண்ட பிரஷ்ஷால் நீக்க வேண்டும். சிக்கி நிற்கும் உருளையின் மீது பெல்ட் உராய்ந்தால் சூடு பிறக்கும். அருகே பஞ்சுத் தூசி இருந்தால் தீப் பிடிக்கும். நூலும் பஞ்சும் வைத்திருக்கும் கிடங்கில் இதனைக் காட்டிலும் பெரிய பயம் வேறில்லை. தீயணைக்கும் கருவி ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். எலிகள் கேபிளைக் கடித்திருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

வாரந்தோறும் பெல்ட்டின் இணைப்பைக் கவனிக்க வேண்டும். கொக்கி ஒன்று தூக்கிக்கொண்டிருந்தால் அது சாக்கையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் பெல்ட் சட்டத்தில் உராய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. காப்பு மூடிகளின் திருகாணி, சக்கரத்தின் ஆணி, கம்பி வடம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

மாதந்தோறும், அல்லது செய்தவர் குறித்த கால அளவில், பேரிங்குகளுக்குக் கிரீஸ் கொடுத்து, கியர் பெட்டியின் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். கிரீஸ் அதிகமானால் நலம் என்று எண்ணலாகாது. மிகுதியான கிரீஸ் பேரிங்கைச் சூடாக்கி, தூசியைத் தடுக்கும் வளையத்தையும் பிதுக்கிவிடும். வழிந்தது பெல்ட்டில் பட்டால் ரப்பர் உப்பி மென்மையாகும். நிலக்கடலை, பருத்தி விதை போன்ற எண்ணெய் வித்துக்களை ஏற்றிய பின் பெல்ட்டைத் துடைத்துவிட வேண்டியதும் இதனாலேயே. ரப்பருக்கு வெயிலும் பகை; வேலையில்லாத காலத்தில் பெல்ட்டின் இழுப்பைச் சற்றுத் தளர்த்தி, கூரையின் கீழ் மூடி வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, அறுவடைக்கு முன்பாக, தகுதியுள்ள மின் தொழிலாளரைக் கொண்டு எர்த்தையும் மோட்டாரின் காப்பையும் அளந்து பார்ப்பது அவசியம்.

பொறுப்பு யாருடையது?

கூட்டுறவில் இயந்திரம் எல்லோருக்கும் சொந்தம். எல்லோருக்கும் சொந்தமானது ஒருவர் கண்ணிலும் படாமல் கிடப்பதும் நாம் அறிந்ததே. எனவே நிர்வாகக் குழு ஓர் ஆளைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். அவர் இல்லாத நாளுக்கு மற்றொருவர். ஓட்டும் சாவி அவ்விருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். கிடங்கில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, பார்த்த தேதி, கண்ட குறை, செய்த திருத்தம், கையொப்பம் ஆகியவற்றை எழுத வேண்டும். எழுதிய குறையைத் தீர்க்கப் பணம் ஒதுக்குவது குழுவின் கடமை. ஒரு பேரிங், ஒரு தாங்கு உருளை, இணைப்புக் கொக்கிகள் ஆகியவற்றைக் கைவசம் வைத்திருந்தால், பழுதுடனேயே ஓட்டிவிடுவோம் என்னும் எண்ணத்துக்கு இடமிராது.

இன்னொரு விஷயத்தையும் மனந்திறந்து பேச வேண்டும். ஏற்று கூலி பல இடங்களில் மூட்டைக் கணக்கில் கொடுக்கப்படுகிறது. கன்வேயர் நின்றால் தொழிலாளரின் கூலியும் நிற்கிறது. அவ்வாறிருக்க, ஓடும்போதே நாரை இழுத்தவரைக் கவனமற்றவர் என்று பழிப்பது நியாயமாகாது. நமது கூலி முறையே அவர் கையை உருளையிடம் நீட்டச் செய்தது. சுத்தம் செய்யவும் பழுது பார்க்கவும் நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிப்பதில்லை என்று சங்கம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். லாரி காத்து நின்றாலும் சரி, காரியதரிசியே அவசரப்படுத்தினாலும் சரி, “நிறுத்து” என்று எவர் சொன்னாலும் கன்வேயர் நின்றாக வேண்டும். சொன்னவரை எவரும் கடிந்துகொள்ளலாகாது. அத்தீர்மானத்துக்கு ஆகும் செலவு ஆண்டுக்குச் சில மணி நேரக் கூலியே.

முதுகின் பாரத்தை இறக்குவதற்காக வாங்கிய சாதனம் கையைக் கேட்கக் கூடாது. தறிக்கும் ஏருக்கும் நாம் செய்யும் பணிவிடையை இதற்கும் செய்தால், அது பல ஆண்டுகள் நமக்குத் துணை நிற்கும்.

அங்கத்தினர் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நமது கன்வேயரில் எத்தனை கவ்விடங்கள் உள்ளன? அவற்றுள் மூடியில்லாதவை எவை?

2. மெயின் ஸ்விட்சைப் பூட்டுவதற்கு நம்மிடம் பூட்டு இருக்கிறதா? அதன் சாவி இப்பொழுது யாரிடம் உள்ளது?

3. மின்தடை நீங்கியதும் நமது கன்வேயர் தானே ஓடுமா? சோதித்துப் பார்த்தவர் யார்?

4. பெல்ட் வலப்பக்கம் ஒதுங்கினால் முதலில் பார்க்க வேண்டியவை யாவை? பிறகு எந்தத் திருகை, எவ்வளவு திருப்ப வேண்டும்?

5. இயந்திரத்தை நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டா? உண்டாயின் அதனை மாற்றுவதற்கான தீர்மானத்தை முன்மொழிபவர் யார்?